பின்னின்று காத்தவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன் இம்மேடையில் பேசிய புலவர் பெருமக்கள் சிலம்பின் சிறப்பையும் கம்பனின் நயத்தையும் எடுத்துரைத்தனர். நானோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, புகைவண்டி நிலையத்தில் எழுத்தனாக அமர்ந்தவன். நாள்தோறும் பயணச்சீட்டும் சில்லறையும் எண்ணுகிற கை இது. 'கால்பந்தைப் பற்றிப் பேசுக' என்று செயலாளர் பணித்தபோது, தமிழ்ச் சங்க மேடையில் பந்துக்கு என்ன வேலை என்று முதலில் மருண்டேன். பின்னர், இவ்வுரைக்குக் காரணமானவனே நான் என்பது நினைவுக்கு வந்தது. ஆகவே பிழை இருப்பின் பொறுத்தருளுமாறு வேண்டித் தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு முதல் நம் சங்கம் சிறுவர்க்கெனக் கால்பந்துப் போட்டி ஒன்றை நடத்தி வருவது தாங்கள் அறிந்ததே. வென்ற அணிக்குக் கோப்பை உண்டு. மிகுதியாகக் கோல் போட்ட சிறுவனுக்குத் தனிப் பரிசு உண்டு. இவ்வாண்டு பின்னின்று காக்கும் ஆட்டக்காரனுக்கும், அதாவது நம் ஊரார் 'பேக்' என்று சொல்லும் பின்காவலனுக்கும், ஒரு கேடயம் வழங்குவது என்று விளையாட்டுக் குழுவில் முடிவாயிற்று. பொருள் உதவி செய்ய அன்பர் ஒருவர் முன்வந்தார். கேடயத்திற்கு யார் பெயரை இடுவது என்ற கேள்வி எழுந்தவுடன் தொல்லை தொடங்கியது. மூன்று மாலைப் பொழுதுகள் வாதித்தோம். நிலையத்திற்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் தொடங்கிய வாதம் சங்கப் படிப்பகம் வரை வந்தது. தேநீர் ஆறியது, வாதம் ஆறவில்லை.

இதைக் கேட்டு, 'ஒரு கேடயத்திற்கா இவ்வளவு?' என்று சிலர் நகைக்கலாம். ஆனால் நம் எல்லைப்புறத்தில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் பொழியூர்க் கடற்கரை உள்ளது. அதை அடுத்துள்ள நீரோடி குமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நாட்டுப் படத்தில் கோடு விழுந்தது. கடற்கரை மணலில் பந்தாடும் பிள்ளைகளோ அக்கோட்டைப் பார்த்ததில்லை. பொழியூரிலிருந்து சந்தோஷ் கோப்பைப் போட்டிகளில் ஆடியோர் பலர். 2018ஆம் ஆண்டு கொல்கத்தாவில் வங்கத்தை வென்று கோப்பையைக் கொணர்ந்த கேரள அணியில் பொழியூர் இளைஞர் சீசன் இடம் பெற்றிருந்தார். எல்லைக்கு அப்பால் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை சென்று ஆடினார். இத்தகைய மண்ணில், ஒரு வீரரின் பெயரைப் பிள்ளைகள் முன் வைப்பது சிறு காரியம் ஆகாது.

இனி வாதத்திற்கு வருவோம்.

முதல் நாள் மாலை, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரான மலையாள நண்பர் ஒருவர் ஜர்னெயில் சிங்கின் பெயரை முன்மொழிந்தார். 'சாரே' என்றே நாங்கள் அவரை அழைப்பது வழக்கம். அவர் கூறிய வரலாறு எங்கள் அனைவரையும் கட்டிப்போட்டது. ஜர்னெயில் சிங் 1936ஆம் ஆண்டு, இன்று பாகிஸ்தானில் உள்ள லயால்பூர்ப் பகுதியில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையின்போது வீடிழந்து இப்பால் வந்த எண்ணற்ற குடும்பங்களுள் அவர் குடும்பமும் ஒன்று. பின்னாளில் கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தின் அரணாக விளங்கினார். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில், இந்திய அணி முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோற்றது. அடுத்துத் தாய்லாந்தோடு மோதியபோது ஜர்னெயில் சிங்கின் தலையில் அடிபட்டது. தையல் போட்ட தலையோடு பின்காவல் புரிவது கடினம் என்று கருதிய பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம், அவரை முன்னணியில் நிறுத்தினார். தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் அவர் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தில், முன்பு நம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று நாம் வென்றோம். ஒரு கோலைப் போட்டவர் பி. கே. பானர்ஜி, அவர் நம் இரயில்வேயைச் சேர்ந்தவர் என்பதை நான் அடக்கத்தோடு குறிப்பிட வேண்டும். மற்றொரு கோல் ஜர்னெயில் சிங்குடையது. அன்று நம் கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ்.

'இவரைவிட வேறு யார் வேண்டும்?' என்று சார் கேட்டார். எங்களிடம் மறுமொழி இல்லை.

இரண்டாம் நாள் மாலை, கடற்கரைப் பக்கத்து அன்பர் ஒருவர் வி. பி. சத்தியனின் பெயரைச் சொன்னார். கண்ணூர் மாவட்டத்தில் 1965ஆம் ஆண்டு பிறந்தவர் சத்தியன். கேரளக் காவல்துறை அணியின் நடுக்காவலர். ஐ. எம். விஜயன், பாப்பச்சன், ஷரப் அலி, குரிகேஷ் மாத்யூ முதலியோர் ஆடிய அவ்வணி 1990இலும் 1991இலும் தொடர்ந்து பெடரேஷன் கோப்பையை வென்றது. 1973க்குப் பின் பத்தொன்பது ஆண்டுகள் கேரளத்தின் கைக்கு வாராதிருந்த சந்தோஷ் கோப்பையை, 1992இல் கோயம்புத்தூரில் வென்று தந்த அணிக்குத் தலைவர் சத்தியன். 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்கும் அவரே தலைவர். அவ்வாண்டின் சிறந்த வீரராக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரைத் தேர்ந்தெடுத்தது.

சார் விடவில்லை. 'ஜர்னெயில் ஆசியாவை வென்றவர். சத்தியன் காலத்து இந்தியா ஆசியாவில் எந்த இடத்தில் இருந்தது?' என்றார். கடற்கரை அன்பரும் விடவில்லை. 'சாரே, ஜர்னெயிலின் பக்கத்தில் யார் யார் நின்றார்கள்? அருண் கோஷ் நின்றார், தங்கராஜ் நின்றார், முன்னால் சூனி கோஸ்வாமியும் பலராமும் நின்றார்கள். ஓட்டைப் படகில் துடுப்புப் போட்டவனைப் புதுப் படகில் போனவனோடு ஒப்பிடுவது நீதியா?' என்று கேட்டார். கடைக்காரரும் பாலைக் காய்ச்சுவதை விட்டுவிட்டுக் கைதட்டினார்.

இவ்விடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்னணி வீரனை அளப்பது எளிது. அவன் போட்ட கோலை எண்ணினால் போதும். பின்காவலனை எதைக்கொண்டு அளப்பது? அவன் தடுத்ததனால் விழாமற்போன கோல்கள் எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. எங்கள் இருப்புப்பாதையிலும் இதே கதைதான். வண்டி தாமதமானால் அதற்குப் பதிவு உண்டு. விபத்து நேர்ந்தால் விசாரணை உண்டு. ஆனால் மழை கொட்டும் நள்ளிரவில் கைவிளக்கோடு தண்டவாளம் நெடுக நடந்து, ஒரு விரிசலைக் கண்டு கொடி காட்டிய கேங்மேனால் எத்தனை பேர் பிழைத்தனர் என்று எழுத எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. மறுநாள் காலை வண்டி வழக்கம்போல் வரும். பயணிகள் வழக்கம்போல் இறங்கிப் போவார்கள். அதுவே அவருடைய வெற்றி.

பின்காவலன் ஒரு முறை தவறினால் மட்டும் உலகம் அவனைப் பார்க்கிறது. 1994ஆம் ஆண்டு உலகக் கோப்பையை எண்ணிப் பாருங்கள். ஜூன் 22ஆம் நாள் கொலம்பியா அணி அமெரிக்க அணியோடு ஆடிற்று. கொலம்பியாவின் பின்காவலர் ஆந்திரே எஸ்கோபார், குறுக்கே வந்த பந்தைத் தடுக்கக் கால் நீட்டினார். பந்து அவர் காலில் பட்டுச் சொந்தக் கோலுக்குள்ளேயே புகுந்தது. ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று அமெரிக்காவுக்குப் போயிற்று. பத்து நாள் கழித்து, ஜூலை 2ஆம் நாள், தம் சொந்த ஊராகிய மெடலினில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது இருபத்தேழு. அவர் அதுவரை தடுத்த பந்துகள் எத்தனையோ! உலகம் நினைவில் வைத்திருப்பது ஒன்றைத்தான்.

மூன்றாம் நாள் மாலை வந்தது. நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் அதுவரை வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கெல்லாம் தந்தை போன்றவர். அவர் மெல்லச் சொன்னார்: 'தம்பி, சத்தியனின் ஆட்டத்தைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர் முடிவு எப்படி? தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர் பெயரைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?'

கூடியிருந்தோர் அனைவரும் வாயடைத்துப் போயினர். உண்மை அதுதான். ஆட்டக் காலம் முடிந்தபின் சத்தியன் சென்னையில் இந்தியன் வங்கியில் பணிபுரிந்து, அவ்வங்கி அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். 2006ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், இருப்புப்பாதையில் அவர் வாழ்வு முடிந்தது. வயது நாற்பத்தொன்று. காயங்களின் வேதனையும் உளச்சோர்வும் அவரை வாட்டியதாக அவரைப் பற்றி எழுதியோர் கூறுவர். 2018இல் 'கேப்டன்' என்னும் மலையாளத் திரைப்படம் வந்தபின், கால்பந்து அறியாதவர்க்கும் அக்கதை தெரியலாயிற்று.

பெரியவரின் கேள்விக்கு எனக்கு உடனே நா எழவில்லை. நான் இருப்புப்பாதைக்காரன். அத்தகைய செய்தி நிலையத்திற்கு வரும் நாளில், அன்று வண்டியை ஓட்டிவந்தவர் முகத்தையும், பின்னர் வந்து நிற்கும் உறவினர் முகத்தையும் பார்த்தவன். ஆகவே அம்முடிவை அழகுபடுத்தி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். ஆனால் வேறொரு நிகழ்ச்சி என் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. அதை அன்று பெரியவரிடம் சொன்னேன். இன்று உங்கள் அனைவர் முன்னும் சொல்கிறேன். இது என் குற்ற ஒப்புதல்.

சென்ற ஆண்டுப் போட்டியின் இறுதியாட்டம் நினைவிருக்கும். நம் சங்கத்துப் பிள்ளைகளின் அணி தோற்றது. கடைசி நேரத்தில் பின்காவல் நின்ற சிறுவன் ஒருவன் பந்தை வெளியே உதைக்கத் தவறினான். அது எதிரணியின் காலுக்குப் போய்க் கோலாயிற்று. கோட்டுக்கு வெளியே நின்ற நான், அத்தனை பேர் நடுவில், வாயில் வந்தபடி அவனை ஏசினேன். 'உன்னால்தான் போயிற்று' என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. குனிந்து காலுறையைச் சரிசெய்வதுபோல் இருந்தான். அவ்வாட்டத்தில் அதற்கு முன் ஐந்தாறு முறை அவன் பந்தைத் தடுத்திருந்தான். அதில் ஒன்றுக்காவது நான் கைதட்டியதாக நினைவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் மைதானத்திற்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. 'படிப்பு இருக்கிறது' என்று வீட்டில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இரண்டு மாதம் கழித்து அவன் தாயார் நிலையத்தில் பயணச்சீட்டு வாங்க வந்தபோது, 'அண்ணே, பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் ஒன்றும் சொல்வதில்லை' என்றார். சீட்டைக் கொடுத்த என் கை நடுங்கிற்று. அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு சிறுவனிடம் மன்னிப்புக் கேட்பது நாற்பது வயதைக் கடந்தவனுக்கு எளிதாக இல்லை. கேட்டேன். அவன், 'பரவாயில்லை மாமா' என்றான். அந்தச் சொல் என்னை இன்னும் வருத்துகிறது.

அன்பர்களே! 1992இல் கோயம்புத்தூரில் கேரளம் கோவாவை மூன்று கோல் போட்டு வென்ற ஆட்டத்தை நேரில் கண்டவன் நான். என் தந்தையார் அப்போது அவ்வூரில் ஆலைத் தொழிலாளி. என்னைத் தோளைப் பிடித்து அழைத்துப்போனார். கோல் விழுந்தபோதெல்லாம் நானும் குதித்தேன். பின்னால் நின்று காத்துக்கொண்டிருந்தவரை நான் ஒரு முறையும் நோக்கவில்லை. சிறுவனாய் இருந்தபோது செய்த அதே தவற்றை, வளர்ந்த பின்னும் கோட்டுக்கு வெளியே நின்று செய்திருக்கிறேன்.

ஆகவே பெரியவரிடம் சொன்னேன்: 'ஐயா, சத்தியன் பெயரை வைப்பது அவர் இறந்த விதத்திற்காக அன்று, அவர் ஆடிய விதத்திற்காக. ஆனால் அவர் முடிவை மறைக்கவும் வேண்டாம். விழுந்தவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று நாம் வழக்கம் வைத்தால், விழப்போகிற பிள்ளை தன் வருத்தத்தை யாரிடம் சொல்வான்? நாட்டுக்கே தலைமை தாங்கிய வலிமையுடையவர்க்கும் மனம் தளரும் என்று அறிந்தால், அவன் வெட்கப்படாமல் வாய் திறப்பான்.'

பெரியவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். பின், 'சரி தம்பி. பெயரை வையுங்கள். ஆனால் ஆண்டுதோறும் கேடயம் கொடுக்கும்போது இந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவ்வாண்டு நீயே சொல்' என்றார். நான் இம்மேடையில் நிற்கும் காரணம் அதுவே.

பெரியவர் இட்ட கட்டளைப்படி பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மனம் கனத்தால் தாயிடம் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், எங்களில் யாரிடமேனும் சொல்லுங்கள். வீட்டாரிடம் சொல்லக் கூசினால், நடுவண் அரசின் மனநல உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் உண்டு; தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பெரியவர்களுக்குச் சொல்கிறேன். கோட்டுக்கு வெளியே நிற்கும்போது நாவைக் காத்துக்கொள்ளுங்கள். இதை உபதேசமாகச் சொல்லவில்லை. தவறியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தமிழ்ச் சங்க மேடையாதலால் இலக்கியம் ஒன்றைத் தொடாமல் முடிப்பது முறையன்று. வள்ளுவர் 'அரண்' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். புறப்பொருள் வெண்பாமாலையில், மதிலை முற்றுகையிடுவோர் உழிஞை சூடுவர் என்றும், மதிலை உள்நின்று காப்போர் நொச்சி சூடுவர் என்றும் இரண்டு திணைகள் உள்ளன. தாக்குவோனுக்கு ஒரு மாலை என்றால் காப்போனுக்கும் ஒரு மாலை உண்டு என்று வைத்த மொழி நம் மொழி. அந்நூலைச் செய்த ஐயனாரிதனார் சேரர் மரபினர் என்பர். ஆதலால் அந்த நொச்சி மாலையில் இந்த மண்ணுக்கும் பங்குண்டு. நாம் வழங்கும் கேடயம் அம்மாலையின் இன்றைய வடிவம் என்று கொள்ளலாம்.

சிலர், 'தமிழ்ச் சங்கத்துக் கேடயத்திற்கு மலையாளியின் பெயரா?' என்று கேட்டதாக அறிந்தேன். அவர்களுக்கு ஒரு செய்தி. 1973ஆம் ஆண்டு டிசம்பரில் எர்ணாகுளத்தில் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. அணித்தலைவர் மணி மூன்று கோல் போட்டார். அவ்வணிக்குப் பயிற்சியளித்தவர் யார் தெரியுமா? 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம் பெற்றிருந்த தமிழர் சைமன் சுந்தர்ராஜ். அன்று மூன்றுக்கு இரண்டு என்று தோற்ற அணி எங்கள் இரயில்வே அணி. அதை நான் மனம் திறந்து மன்னித்துவிட்டேன்! தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இங்கு வந்து கேரளத்துக்குக் கோப்பை தேடித் தந்தார். கேரளத்துக்காரர் ஒருவர் சென்னைக்குப் போய் உழைத்து அங்கேயே கண்மூடினார். பிழைக்க வந்த இடத்தில் வேரூன்றிய நமக்கு இவ்விருவரும் உறவினரே.

ஜர்னெயில் சிங்கை நாங்கள் மறந்துவிடவில்லை. சாரின் மனம் கோணாதபடி, சென்ற வாரம் குழு கூடி ஒரு வழி கண்டது. கேடயம் சத்தியன் பெயரில் இருக்கும். போட்டியின் தொடக்க நாளில் ஜகார்த்தா வெற்றியின் கதையைச் சாரே பிள்ளைகளுக்குச் சொல்வார். 'ஒரு மணி நேரம் வேண்டும்' என்று கேட்டிருக்கிறார். அரை மணி கொடுத்திருக்கிறோம். ஒன்றரை மணி ஆகும் என்பது எங்கள் கணக்கு.

அந்தச் சிறுவன் இப்போது மைதானத்திற்கு வருகிறான். இன்னும் ஆட்டத்தில் இறங்கவில்லை. கோட்டுக்கு வெளியே வரும் பந்தை எடுத்து வீசுகிறான். அவன் இக்கூட்டத்தில் இருக்கலாம்; பெயர் சொல்லமாட்டேன். வரும் ஞாயிறு மாலை நாலரை மணிக்குப் பயிற்சி. பின்காவலில் ஓர் இடம் காலியாக வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் இங்கே அறிவித்துக்கொள்கிறேன்.